தண்ணீரில் கவிழத் தெரிந்த விமானம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

தண்ணீரிலும் தரையிலும் இறங்குகிற விமானம் ஒன்றில் நீங்கள் கை வைக்கப் போவதாக சலீம் மச்சான் போனில் சொன்னார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷச் சிரிப்புதான். அந்த ஜாதி விமானம் நம் பட்டறையை ஒருமுறை தலைகீழாகத் தொங்கவிட்டது. அதற்குப் பிறகுதான் சோறு போட்டது. அந்தக் கதையை நானே சொல்லிவிடுகிறேன். மச்சானிடம் கேட்டால் தன் பங்கை விட்டுவிட்டுச் சொல்வார்.

நான் பத்தாவதோடு நின்றவன். அய்யம்பேட்டை கடைத்தெருவில் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தேன். ஊரில் எஸ்டிடி பூத் வந்தபோது பூத் வைத்தேன். இன்டர்நெட் வந்தபோது அதே இடத்தில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளோடு பேச வரும் தாய்மார்கள்தான் அங்கே பாதிக் கூட்டம். துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டர் சிடி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். என் தலையெழுத்தை அல்லாஹ் அந்தச் சிடியில்தான் வைத்திருந்தான். ஓட்டிப் பார்த்தேன், பிறகு உள்ளே திறந்து பார்த்தேன். விமானத்தின் எடை, இறக்கை, சக்கரம் எல்லாமே எண்களாக எழுதியிருந்தன. எண்ணை மாற்றினால் விமானத்தின் குணம் மாறியது. ரேடியோவில் டியூனிங் பார்த்தவனுக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

உலகமெங்கும் வீட்டில் உட்கார்ந்து இப்படி விமானம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும், அவர்களுக்கு விமானம் செய்து விற்கிற கம்பெனிகள் இருக்கின்றன என்பதும் பிறகுதான் தெரிந்தது. அப்படி ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எனக்குச் சின்னச் சின்ன வேலை கொடுக்க ஆரம்பித்தது. எல்லாம் சக்கரத்தில் ஓடி ரன்வேயில் இறங்குகிற விமானங்கள்.

சலீம் மச்சான் என் தங்கை நூர்ஜஹானின் மாப்பிள்ளை. சவூதியில் டிரெய்லர் ஓட்டினார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் ஊரில் இருந்த நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூத்த பிள்ளை அவரை போட்டோவில் பார்த்துத்தான் அத்தா என்று சொல்லப் பழகியது. காண்ட்ராக்ட் முடிந்து வந்தவர், பொழுது போகாமல் என் கடையில் வந்து உட்கார்ந்தார். நான் செய்த விமானத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், இதுக்கு கிளட்ச் எங்கே?" என்று கேட்டவர்தான். கொஞ்ச நாளில் என்னைவிட நன்றாக ஓட்டினார், வேலையிலும் கூட்டாளியானார். வண்டி ஓட்டியவர் கைக்கு எந்த வண்டியும் சீக்கிரம் பணியும்.

அந்த நேரத்தில்தான் கம்பெனி தண்ணீர் விமானம் கேட்டது. காலுக்குப் பதில் இரண்டு நீளமான மிதவைகள், மிதவைக்குள் மடங்கி இறங்குகிற சக்கரங்கள். சக்கரத்தை இறக்கினால் ரன்வேயில் இறங்கலாம், ஏற்றினால் ஆற்றில் இறங்கலாம். இது நன்றாக வந்தால் இரண்டு பேருக்கும் நிரந்தரமாக வேலை தருகிறோம் என்றார்கள். வராவிட்டால் பழையபடி சில்லறை வேலை, அது ஒரு வீட்டுக்கே பற்றாது.

இங்கே இப்படி இருக்க, மச்சானின் பழைய முதலாளி சவூதியிலிருந்து மறுபடி விசா அனுப்பிவிட்டார். பாஸ்போர்ட் தஞ்சாவூர் டிராவல்ஸ் ஆபீசில் போய் உட்கார்ந்துகொண்டது. டிக்கெட் போடச் சொல்வதுதான் பாக்கி. நூர்ஜஹான் அழுகிற ரகமில்லை. சோறு போட்டுக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்:

"அண்ணே, இந்த விமானம் பறந்துட்டா அவங்க பறக்க வேண்டாம்ல?"

"இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

முதலில் செய்த விமானத்தை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிப்பேன். இரண்டு பேருக்கும் அதுவரை தண்ணீர் விமானம் என்றால் படத்தில் பார்த்ததுதான். முதல் பதிப்பைப் பார்த்த கம்பெனிக்காரர் பதில் போட்டார்: உங்கள் விமானம் கடலில் பிரேக் பிடித்து நிற்கிறது.

உண்மைதான். மச்சான் தண்ணீரிலும் பிரேக் வைத்திருந்தார்.

"பின்னே, நிக்க வேணாமா மச்சான்? இன்ஜினை ஸ்டார்ட் பண்ணதும் அதுபாட்டுக்கு ஓடினா, ஹேண்ட் பிரேக் போடாத வண்டி மாதிரி இருக்காதா?"

"மச்சான், கடல்ல எதைப் பிடிச்சு நிக்கும்?"

"அதை நீங்கல்ல எனக்குச் சொல்லணும்? நான் பாலைவனத்துல ஓட்டினவன். அங்கே தண்ணியே கிடையாது."

அப்புறம் இரண்டு பேரும் முத்துப்பேட்டைக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஆறு கடலோடு சேர்கிற இடத்தில் ஒரு பெரிய காயல் இருக்கிறது. படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நடுக்காயலில் மோட்டாரை அணைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். மீன் பிடிக்க வந்தவர்கள் இல்லை, பறவை பார்க்க வந்தவர்களும் இல்லை, சும்மா உட்கார வந்த இருவரை படகுக்காரர் ஒரு தினுசாகப் பார்த்தார். கடல்காற்று படகை மெல்லத் திருப்பி இழுத்துப் போனது. நிறுத்த நினைத்தாலும் நிற்கவில்லை. திரும்ப நினைத்தால் காற்றைக் கேட்டுக்கொண்டுதான் திரும்பியது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "புரிஞ்சிடுச்சு மச்சான். இது வண்டி இல்ல. இது கோவிச்சுக்கிட்ட மாடு. மூக்கைத் தன் இஷ்டத்துக்குத்தான் திருப்பும். நாம கூடவே போயிக் கூடவே வரணும்" என்றார்.

ஊருக்கு வந்து பிரேக்கை எடுத்தோம். இன்ஜின் ஓடினால் விமானம் நகரும் என்று வைத்தோம். காற்று அடித்தால் மூக்கு காற்றுப் பக்கம் திரும்பும். அலையே இல்லாத தண்ணீர் என்றால் மிதவையைப் பிடித்துக்கொண்டு விடாது, ஒரு பக்கத்து மிதவையை முதலில் கிளப்பினால்தான் விடும். ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றி, ஓட்டி, திருத்தி, மறுபடி ஓட்டினோம். கடைசியாக, சக்கரத்தை இறக்கி வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி வந்தது. நிஜத்தில் சக்கரம் தண்ணீரைக் குத்திப் பிடிக்கும், மூக்கு உள்ளே போகும், விமானம் அப்படியே மல்லாந்துவிடும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். நம் விமானமும் அப்படியே கவிழும்படி செய்தோம்.

செய்த பிறகு மச்சானுக்குப் பயம் வந்துவிட்டது. ரன்வேயில் இறங்கிப் பழகியவர்கள் எல்லோரும் கை தன்னால் போய்ச் சக்கரத்தை இறக்கிவிடுவார்கள். எல்லோரும் கவிழ்வார்கள். கவிழ்ந்தவன் காசைத் திருப்பிக் கேட்பான். அதனால் கீபோர்டில் ஒரு பட்டன் வைத்தார். அதை அழுத்திவிட்டால் சக்கரத்தோடு இறங்கினாலும் விமானம் வாத்து மாதிரி மிதக்கும். அதற்கு 'தப்பிச்சுக்கோ பட்டன்' என்று பெயர். நானும் சரி என்றேன்.

கம்பெனி, நிஜத் தண்ணீர் விமானம் ஓட்டுகிற ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக எழுதியது. அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பாருங்கள், அந்த மனிதர் தஞ்சாவூர்க்காரராகவே இருந்தார். மாலத்தீவில் தீவுக்குத் தீவு ஆள் ஏற்றி இறக்குகிற விமானத்தின் கேப்டன். லீவில் ஊருக்கு வந்திருந்தார். வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். தலையில் சந்தனம் காயவில்லை. மாதா கோவிலிலிருந்து கொண்டுவந்த மிட்டாய்ப் பொட்டலத்தை நூர்ஜஹான் கையில் கொடுத்து, "பிள்ளைங்களுக்குக் குடுங்க தங்கச்சி" என்றார். என் மனசு அப்போதே பாதி குளிர்ந்துவிட்டது.

உட்கார்ந்ததும் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"பாய், நான் கேக்குற வரைக்கும் யாரும் பேசக்கூடாது. இப்படிப் பண்ணுங்க, அதை அழுத்துங்கன்னு சொல்லிக் குடுக்கக்கூடாது. விமானம் என்கிட்ட பேசட்டும்."

வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில், முத்துப்பேட்டைக் காயலில் விமானத்தை மிதக்க விட்டிருந்தோம். சக்கரங்கள் மேலே. பேனலில் சக்கரம் மேலே இருந்தால் நீல விளக்கு, கீழே இருந்தால் பச்சை விளக்கு. இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். விமானம் நகர்ந்தது. புருவம் கொஞ்சம் உயர்ந்தது. திருப்பினார், காற்று வந்து மூக்கை இழுத்தது. இன்ஜினை அணைத்தார், விமானம் பின்பக்கமாக மெல்ல நகர்ந்தது. "ம்" என்றார். அந்த ஒரு 'ம்'முக்கு மச்சான் என் தொடையில் கிள்ளிவிட்டார்.

காயலிலிருந்து கிளம்பி தஞ்சாவூர் ரன்வேக்கு வந்தார். சக்கரத்தை இறக்கினார், பச்சை விளக்கு வந்தது, தரையில் பட்டுப் போல் இறக்கினார். மறுபடி கிளம்பி முத்துப்பேட்டை பக்கம் திருப்பினார். எங்களுக்குள் பண்டிகை. இனி காயலில் இறங்க வேண்டியதுதான் பாக்கி.

வழியெல்லாம் நாற்று நட்ட வயல்கள், தண்ணீர் நிறுத்திய வயல்கள். கேப்டனின் முகம் மாறிவிட்டது. "இங்கே ஒரு பெரிய ஏரி வரணுமே" என்றார். வந்தது. "அட! எங்க அம்மா ஊரு இதுக்கு அந்தாண்டதான் பாய். இதுல குளிச்சதுக்கு வாங்காத அடி இல்ல." நூர்ஜஹான் டீயும் கறி சமோசாவும் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கையில் ஜாய்ஸ்டிக், ஒரு கையில் சமோசா. மாமா பையனோடு வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டே காயலுக்கு விமானத்தை இறக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் பேனலைப் பார்த்தேன். பச்சை விளக்கு.

தஞ்சாவூரில் கிளம்பியவர் சக்கரத்தை மேலே ஏற்றவே இல்லை. சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது. எதிரே தண்ணீர்.

மச்சானைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். வாயைத் திறக்கக்கூடாது என்பது கண்டிஷன். ஆனால் கீபோர்டு என் முன்னால் இருந்தது. தப்பிச்சுக்கோ பட்டன் என் விரலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரே ஒரு அழுத்து. விமானம் கவிழாது, கேப்டன் சந்தோஷமாக எழுந்து போவார், வேலை கிடைக்கும், என் தங்கை பிள்ளைகள் அத்தாவை வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். விரல் பட்டன்மேல் போய்விட்டது. பொய் சொல்லமாட்டேன்.

மச்சான் சத்தமில்லாமல் கீபோர்டை என் கைக்கடியிலிருந்து உருவி எடுத்தார். தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். இரண்டு கையையும் அதன்மேல் கோர்த்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

விமானம் தண்ணீரைத் தொட்டது. மூக்கு குத்தியது. திரை முழுக்க நுரை. அடுத்த கணம் வானம் கீழே, தண்ணீர் மேலே. இன்ஜின் சத்தம் நின்றது. மல்லாந்த விமானத்துக்கு வெளியே பச்சைத் தண்ணீர் மட்டும் அசைந்தது.

காலி டம்ளரை எடுக்க வந்த நூர்ஜஹான் திரையைப் பார்த்தாள்.

"போச்சா?" என்றாள்.

கேப்டன் சமோசாவைத் தட்டில் வைத்தார். சந்தனம் பூசிய மொட்டையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார்!

"இல்ல தங்கச்சி. நான்தான் போனேன். உங்க விமானம் நல்லாத்தான் இருக்கு."

சிரிப்பு அடங்கியதும் விஷயத்தைச் சொன்னார். மாலத்தீவில் அவர் ஓட்டுகிற விமானத்துக்கு மிதவை மட்டும்தான், சக்கரமே கிடையாது. தண்ணீரில் கிளம்பி, தண்ணீரிலேயே இறங்குகிற வேலை. கிளம்பிய பிறகு எதையும் மேலே ஏற்றுகிற பழக்கம் அவர் கைக்கு இல்லை. "தரையில இறங்கும்போது, இது எனக்குப் புதுசாச்சேன்னு கவனமா இருந்தேன் பாய். தண்ணியைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிட்டேன். அங்கதான் மாட்டினேன். நிறைய சிமுலேட்டர் பார்த்திருக்கேன். இந்தத் தப்பைச் செஞ்சா பேசாம மிதந்துகிட்டு நிக்கும். என்னை இப்படிக் கவுத்தது இதுதான்." பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "அடுத்த வருஷம் எங்க கம்பெனியில சக்கரம் வச்ச விமானம் வருதுன்னு பேச்சு. அது வர்றதுக்குள்ள இங்கேயே கவுந்தது நல்லதுதான்."

மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை இறங்குவதற்கு முன் ஜன்னல் பக்கம் பார்த்து, சத்தமாக, "கீழே தண்ணி. சக்கரம் மேலே. நீலம்" என்று சொல்லிவிட்டு இறக்கினார். காயலில் கோடு கிழித்த மாதிரி போய் அமர்ந்தது. மச்சான் வாய்விட்டு மாஷா அல்லாஹ் சொன்னார். கேப்டன் கண்டிஷனை மறந்துவிட்டார், கோபிக்கவில்லை.

தம்பி தங்கைகளே, நான் வணக்கசாலி என்று பெருமை பேசவில்லை, ஆனால் இது எனக்குத் தொழுகையில் நன்றாகப் புரிந்த விஷயம். வாய் ஓதிக்கொண்டே இருக்கும், மனசு கடைத்தெருவுக்குப் போய்விடும். திடீரென்று, எண்ணித் தொழுகிற ரக்அத்தில் இது இரண்டாவதா மூன்றாவதா என்று சந்தேகம் வரும். தெரியாத தொழுகையில் அப்படி வராது. நன்றாகப் பழகிய தொழுகையில்தான் வரும். மறதிக்கென்று, நெற்றியைத் தரையில் வைக்கிற சஜ்தா ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறது மார்க்கம். படைத்தவனுக்கு நம் குணம் தெரியும். விமானத்திலும் அதேதான். தெரியாத இடத்தில் மனுஷன் கவிழ்வதில்லை, வீடு மாதிரி தெரிந்த இடத்தில்தான் கவிழ்கிறான். அதனால் இறங்கும் முன் படிக்கிற பட்டியலைக் கிளி மாதிரி ஒப்பிக்கிறவனுக்கு நம் விமானம் சலுகை காட்டக்கூடாது. கீழே பார்த்து, பார்த்ததை வாயால் சொல்கிறவனுக்கு அது கைகொடுக்கட்டும்.

கேப்டனைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மச்சானிடம் கேட்டேன்: "பட்டனை வச்சதே நீங்க. அப்புறம் ஏன் கீபோர்டைப் பிடுங்கினீங்க? வேலை கிடைக்காம போயிருந்தா உங்க பொழப்புல்ல போயிருக்கும்?"

மச்சான் ரோட்டோரத்தைக் கையால் காட்டினார்.

"சவூதியில ரோட்டோரம் மேடு மேடா கோடு போட்டு வச்சிருப்பான் மச்சான். ஸ்டியரிங்ல கண்ணு சொக்கிடுச்சுன்னா, வண்டி அதுமேல ஏறி டடடடன்னு உதறும். தூக்கிப்போட்டு முழிப்போம். எரிச்சலா வரும். ஆனா நான் ஊருக்கு உயிரோட வந்ததே அந்தக் கோட்டாலதான். பாவம், டிரைவர் தூங்கட்டும்னு யாராச்சும் அதை வழவழன்னு ஆக்கிட்டா, அவன் எனக்கு நல்லது செஞ்சவனா? அந்த மனுஷன் லீவு முடிஞ்சு போயி நிஜத் தண்ணியில ஆளுங்களை ஏத்திக்கிட்டு இறங்கணும். என் பொழப்புக்காக அவரைத் தூங்க விடவா?"

அன்றைக்கே அந்தப் பட்டனை எடுத்துவிட்டோம். நீங்கள் அதைத் திரும்பக் கொண்டுவரும்படி யாராவது கேட்டால், மச்சானிடம் அனுப்புங்கள்.

கேப்டன் கம்பெனிக்கு எழுதியதில் ஒரு யோசனையும் இருந்தது. நிஜ விமானங்களில், இறங்கும் நேரத்தில் சக்கரம் எப்படி இருக்கிறது என்று ஒரு பெண்குரல் சொல்லுமாம், அதையும் வையுங்கள் என்றார். விற்கிற விமானத்துக்கு இங்கிலீஷ் குரல் கம்பெனியே அனுப்பியது. எங்கள் மெஷினுக்கு மட்டும் நூர்ஜஹானை உட்காரவைத்துப் பதிவு செய்தோம். "தண்ணியில இறங்கப் போறீங்க. சக்கரத்தைப் பாத்தீங்களா இல்லையா?" ஒரே டேக்கில் முடித்தாள். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வீட்டுலயும் இவதான் கேக்குறா, ஆகாயத்துலயும் இவதானா?"

"ஒழுங்காப் பாத்து இறக்குறவங்களுக்கு ஏன் கேக்கப் போகுது?" என்றாள் அவள்.

கம்பெனியிலிருந்து நல்ல செய்தி வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் மச்சான் என் பைக்கில் ஏறிக்கொண்டார். இரண்டு பேரும் தஞ்சாவூர் டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனோம். பெஞ்சில் வரிசையாகப் பையன்கள், கையில் போட்டோவும் மெடிக்கல் பேப்பரும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மச்சான் கவுண்டரில் போய் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டார். ஏஜென்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன பாய், விசா வந்து கிடக்கு, வேணாங்கறீங்க? அவனவன் இதுக்குத் தவம் கிடக்கான். இங்கே அப்படி என்ன வேலை கிடைச்சிடுச்சு?"

மச்சான் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் போட்டு, ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"விமானத்தைத் தண்ணியில கவுக்கிற வேலை."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஏஜென்டும் சிரித்துவிட்டார். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. படியிறங்கி வெளியே வந்து, பைக் பக்கத்தில் நின்று, "மச்சான், கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க. இன்னிக்கு எனக்கு எங்கேயும் அவசரமாப் போக வேண்டியதில்ல" என்றார்.